வலைப்பக்கத்தில் மூலக்கூறு: முப்பது ஆண்டுக் காட்டிகளும் அவை விட்டுச்சென்ற பாடமும்

ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டியது குளூட்டாமிக் அமிலம். அங்கே வேலின் வந்துவிட்டால் அரிவாள் செல் இரத்தசோகை. இந்த இரண்டு வரிகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வேலின் புரதத்தின் வெளிப்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜனை விட்டுவிட்ட நிலையில் அடுத்த ஹீமோகுளோபினின் நீர்விலக்குக் குழி ஒன்றில் போய்ச் செருகிக்கொள்கிறது. இப்படிக் கோத்துக்கொண்டே போய் நீண்ட இழைகளாகிச் சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது. பாடநூலின் தட்டைப் படத்தால் இதைக் காட்ட முடிவதில்லை. மூலக்கூற்றைத் திருப்ப வேண்டும், நெருங்கிப் பார்க்க வேண்டும், ஒரு பகுதியை மறைத்து இன்னொன்றைத் துலக்க வேண்டும். நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்த மரபுப் பண்பு இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் 1952இலேயே கண்டறிந்து வெளியிட்டார்கள். ஆகவே தமிழ்நாட்டு வகுப்பறைக்கு இது வேற்றூர்ச் செய்தியும் அல்ல.

அந்தப் புரதத்தின் அணுக்கள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்ற கணக்கு 1997இல் 2எச்பிஎஸ் என்ற குறியீட்டில் உலகப் புரதக் கட்டமைப்பு வைப்பகத்தில் ஏறிவிட்டது. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், மறுபடி வெளியிடலாம். மிச்சம் இருப்பது ஒரு கேள்வி. அதை ஒரு வலைப்பக்கத்தில், மாணவர் விரலால் திருப்பிப் பார்க்கும்படி எப்படி நிறுத்துவது? முப்பது ஆண்டுகளில் இதற்கான விடை பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆசிரியர்கள் உழைத்து உருவாக்கிய ஏராளமான பக்கங்கள் செத்தன. சில பிழைத்தன. எவை பிழைத்தன, ஏன் பிழைத்தன என்று பார்ப்பதுதான் இன்று புதிதாக ஒரு பக்கம் அமைப்பவருக்கு மிகவும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கணினிக்கு முன்னால் இது தச்சு வேலை. ஜான் கெண்ட்ரூ மயோகுளோபினின் அணு அமைப்பைக் கட்டிக்காட்ட ஏறத்தாழ 2,500 கம்பிகளை நட்டு, ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 5 சென்டிமீட்டர் என்ற அளவில் மாதிரி செய்தார். அதை யாருக்கும் அனுப்ப முடியாது. பார்க்க வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டும். 1960களின் நடுவில் சைரஸ் லெவிந்தால் எம்ஐடியில் புரதத்தைத் திரையில் கோடுகளாக வரைந்து, கையால் உருட்டும் ஒரு கருவியால் திருப்பிக்காட்டினார். 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கட்டமைப்பு வைப்பகம் தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழு கட்டமைப்புகள். இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. துளையிட்ட அட்டையின் 80 நிரல்களைப் பின்பற்றி அன்று வகுத்த கோப்பு வடிவம் இன்றும் நடமாடுகிறது. ஒரு வரிக்கு ஓர் அணு. 31 முதல் 54 வரையான நிரல்களில் அதன் மூன்று ஆயத்தொலைவுகள். இந்த எளிமையால்தான் யார் வேண்டுமானாலும் மூலக்கூற்றைத் திரையில் வரையும் ஒரு காட்டி நிரல் எழுத முடிந்தது.

சாதாரணக் கணினிக்கு மூலக்கூற்றைக் கொண்டுவந்தவர்கள் இருவகையினர். டேவிட் ரிச்சர்ட்சனும் ஜேன் ரிச்சர்ட்சனும் 1992இல் கைனிமேஜ் என்ற முறையைத் தந்தார்கள். புரோட்டீன் சயின்ஸ் இதழின் முதல் வெளியீட்டோடு அது வட்டில் வந்தது. ஆசிரியர் தான் சொல்ல விரும்பும் கோணங்களை முன்கூட்டியே கோப்பில் பதித்துவைப்பார். வாசகர் அவற்றின் வழியே நடப்பார். மற்றொன்று ரோஜர் சேல் எழுதி 1993இல் வெளியிட்ட ராஸ்மால். விலையில்லை, மூல நிரலும் திறந்தே கிடந்தது. எளிய கணினியிலும் வேகமாக ஓடியது. அதைவிட முக்கியம், அதற்கு ஒரு கட்டளை மொழி இருந்தது. ‘செலக்ட்’ என்று ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, ‘ஸ்பேஸ்ஃபில்’ என்றால் உருண்டைகள், ‘கார்ட்டூன்’ என்றால் நாடாக்கள், ‘கலர்’ என்றால் நிறம். உயிர்வேதியியல் ஆசிரியர்கள் நிரலர் ஆகாமலேயே பத்து வரிகளில் ஒரு பாடத்தை எழுதிவிட முடிந்தது. இந்தக் கட்டளை மொழியை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான்.

வலை வந்ததும் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது மிகச் சின்னச் சிக்கல்: வழங்கி அனுப்பும் கோப்பு மூலக்கூறு என்று உலாவிக்கு எப்படித் தெரியும்? 1994இல் ஹென்றி ரெப்பா, பீட்டர் மர்ரே-ரஸ்ட், பெஞ்சமின் விட்டேக்கர் மூவரும் வேதியியல் கோப்புகளுக்கென்று தனி மைம் வகைகளை முன்மொழிந்தார்கள். வழங்கியில் அந்த ஒரு வரியைச் சேர்க்காவிட்டால் மூலக்கூறு வர வேண்டிய இடத்தில் எண்களின் வரிசை கொட்டும். 1996இல் எம்டிஎல் நிறுவனம் ராஸ்மாலின் நிரலை அடிப்படையாகக் கொண்டு நெட்ஸ்கேப் உலாவிக்குச் சைம் என்ற பிளக்-இன்னை வெளியிட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் மார்ட்ஸ் அதன்மேல் புரோட்டீன் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியைக் கட்டி உலகம் முழுவதும் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பொத்தானை அழுத்தினால் புரதம் திரும்பும், அருகில் விளக்கம் மாறும் என்ற பக்க அமைப்பு அப்போது பிறந்ததுதான். இன்னும் அதைவிடச் சிறந்த ஓர் அமைப்பு வரவில்லை என்பது என் கணிப்பு. ஆனால் சைமின் மூல நிரல் மூடிக்கிடந்தது. உலாவிகளும் இயங்குதளங்களும் மாறியபோது அதைத் திருத்த வெளியாருக்கு வழியில்லை. சைம் நின்றதும் அதை நம்பிய பக்கங்களும் நின்றன.

பிழைத்தவை ஜேமாலுக்கு மாறியவை. 1990களின் கடைசியில் டான் கெசல்டர் தொடங்கி, பலர் கைமாறி, 2006 முதல் மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரிப் பேராசிரியர் பாப் ஹான்சன் முன்னின்று வளர்த்த திறந்த மூல நிரல் இது. ஜாவாவில் எழுதப்பட்டதால் ஆப்லெட் என்ற சிறுநிரலாக, ஜாவா உள்ள எந்த உலாவியிலும் ஓடியது. நிறுவுவதும் எளிது: ஜார் கோப்பையும் உடன் வரும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையும் ஒரு கோப்புறையில் ஏற்று, பக்கத்தின் தலையில் அந்த இடத்தைச் சொல், உடலில் ஒரே வரியில் அகலத்தையும் ‘லோட்’ கட்டளையையும் கொடு. ஜேமால் குழுவினர் எடுத்த மிக நல்ல முடிவு ராஸ்மால், சைம் கட்டளைகளை அப்படியே ஏற்றுக்கொண்டது. பழைய பக்கத்தின் பாடக் கட்டளைகளைத் தொடாமல், காட்டியை மட்டும் மாற்றினால் போதும். 1995இல் எழுதிய கட்டளை 2010இல் ஓடியது.

பிறகு ஜாவாவே உலாவியை விட்டு வெளியேறியது. ஐபோனிலும் ஐபேடிலும் ஆப்லெட் ஒருநாளும் ஓடியதில்லை. பாதுகாப்புக் குறைபாடுகள் அடுக்கடுக்காக வெளிவந்தபின் 2014 ஜனவரியில் வந்த ஜாவா பதிப்பு, முறையாகக் கையொப்பமிடாத ஆப்லெட்டை இயல்பாகவே தடுத்தது. வகுப்புத் தேவைக்கு ஆப்லெட் எழுதியிருந்த ஆசிரியருக்குச் சான்றிதழ் வாங்கக் காசு ஏது? 2015இல் குரோம் பழைய பிளக்-இன் இடைமுகத்தை நீக்கியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் நீக்கியது. 2018இல் ஜாவா 11 பிளக்-இன்னையே கைவிட்டது. இன்று பழைய கற்பித்தல் பக்கம் ஒன்றைத் திறந்தால் பெரும்பாலும் தெரிவது ஒரு சாம்பல் கட்டம்.

ஹான்சன் செய்த மீட்பு வேலை என்னை இன்னமும் வியக்கவைக்கிறது. ஜேமாலைப் புதிதாக எழுதாமல், ஜோ ரென்ஜியன் உருவாக்கிய ஜாவா2ஸ்கிரிப்ட் கருவியால் அதன் ஜாவா நிரலையே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றினார். அதுதான் ஜேஎஸ்மால். வைஸ்மன் கழகத்தின் புரோட்டியோபீடியா போன்ற பெரிய தளங்கள் இதனால் மூடாமல் தப்பின. நிறுவும்போது பொதியை அவிழ்த்து முழுக் கோப்புறையையும் வழங்கியில் ஏற்ற வேண்டும். ஜே2எஸ் என்ற உட்கோப்புறையில் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கும், ஒன்றைக்கூட விடக்கூடாது. பக்கத்தில் ‘இன்ஃபோ’ என்ற பட்டியலில் அகலம், உயரம், அந்தக் கோப்புறையின் பாதை, தொடக்கக் கட்டளை ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். மூலக்கூறு வராமல் போனால் முதலில் சரிபார்க்க வேண்டியது அந்தப் பாதையைத்தான். அதில் ஓர் எழுத்தின் சிறிய-பெரிய வேறுபாடும் லினக்ஸ் வழங்கியில் குற்றம். ஜேஎஸ்மாலின் குறை வேகம். அது வரைகலைச் சில்லை நம்பாமல் திரையில் தானே புள்ளி புள்ளியாக வரைகிறது. சிறு மூலக்கூறு, படிகக் கூடு, அதிர்வுகள், ஆர்பிட்டல் என்றால் அதற்கு இணையில்லை. பெரிய புரதத்தின் பரப்பை வரையச் சொன்னால் எளிய கைபேசி திணறும்.

2011 மார்ச்சில் வெப்ஜிஎல் தரம் வெளியானதும் வரைகலைச் சில்லின் வேகம் நேரடியாக உலாவிக்குள் வந்தது. தகனோரி நகானேயின் ஜிஎல்மால் வழிகாட்டியது. அதை அடியொற்றி பிட்ஸ்பர்கில் நிக்கோலஸ் ரெகோவும் டேவிட் கோஸும் 2015இல் 3டிமாலைத் தந்தார்கள். ஒரு கல்லூரி ஆசிரியர் இன்று புதிதாகத் தொடங்குகிறார் என்றால் இதைத்தான் கையில் கொடுப்பேன். ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. பிறகு பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டி. பெட்டிக்கு அந்தக் காட்டியின் வகுப்புப் பெயரைச் சூட்டி, எந்தக் கட்டமைப்பு, எந்தப் பாணி என்று பண்புகளாக எழுதினால் மூலக்கூறு வந்துவிடும். நிரல் ஒரு வரியும் வேண்டாம். தொடக்கத்தில் பலரைத் தடுக்கும் இடம் ஒன்று உண்டு: பெட்டிக்கு உயரமும் அகலமும் கொடுக்காவிட்டால் எதுவும் தெரியாது, அமைவிடத்தை ‘ரிலேட்டிவ்’ என்று குறிக்காவிட்டால் மூலக்கூறு பெட்டியை மீறிப் பக்கத்தின் எழுத்துகள்மேல் பரவும்.

பெரியவற்றுக்கு மால்ஸ்டார். அலெக்சாண்டர் ரோஸின் என்ஜிஎல்லும் டேவிட் செனாலின் லைட்மாலும் ஒன்றுசேர்ந்த வழியில் பிறந்தது இது. 2021இல் இதன் கட்டுரை வெளியானது. அமெரிக்க, ஐரோப்பியப் புரத வைப்பகங்கள் இரண்டும் இதையே தங்கள் பக்கங்களில் வைத்திருக்கின்றன. அதன் தேவை எங்கிருந்து வந்தது என்பது பழைய கோப்பு வடிவத்தைப் பார்த்தாலே விளங்கும். அணு எண்ணுக்கு ஐந்து இலக்கம்தான் இடம். 99,999க்கு மேல் எண்ண வழியில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் ஆய்வகம் 2006இல் வெளியிட்ட முழு ரைபோசோம் கட்டமைப்பு அதனால் நான்கு கோப்புகளாகப் பிரிந்துதான் வைப்பகத்தில் ஏறியது. பின்னர்தான் எம்எம்சிஃப் என்ற புதிய வடிவில் ஒன்றானது. எச்ஐவியின் உறை 24 லட்சம் அணுக்கள். அத்தகையவற்றைச் சுருக்கிய இரும வடிவில் இறக்கி வரைய மால்ஸ்டாரால் முடிகிறது. விலை, அது சில மெகாபைட் எடையுள்ள முழுப் பணிமேடை; ஓரத்துப் பலகைகளை நாமாக மறைக்காவிட்டால் பத்தாம் வகுப்பு மாணவர் அந்தப் பொத்தான்களுக்குள்ளேயே தொலைந்துபோவார்.

காட்டியைத் தேர்வதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது தரவுக்குச் செலவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். காட்டி பழுதானால் திரை வெறுமையாகிவிடும், எல்லோருக்கும் தெரியும். தரவு தவறானால் அழகாகத் தெரியும், பொய்யைக் கற்பிக்கும். ஆக்சிஜன் ஏற்ற மனித ஹீமோகுளோபினின் 1எச்எச்ஓ கோப்பைச் சும்மா ஏற்றினால் இரண்டு சங்கிலிகள்தான் வரும். உடலில் இருப்பது நான்கு. படிகத்தின் சமச்சீரால் மறுபாதி கிடைக்கும் என்பதால் கோப்பில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. உயிரியல் தொகுப்பு என்ற தனிக் கோப்பை இறக்க வேண்டும், அல்லது காட்டியிடம் தொகுப்பைக் கட்டச் சொல்ல வேண்டும். 2எச்பிஎஸ் கோப்பிலோ இதற்கு நேர்மாறு: இரண்டு முழு ஹீமோகுளோபின்கள், எட்டுச் சங்கிலிகள். நோயின் தொடர்பையே காட்ட வேண்டியிருப்பதால் அது நமக்கு நல்லதுதான். ஆனால் சொல்லாமல் விட்டால் ஹீமோகுளோபினில் எட்டுச் சங்கிலிகள் என்று மாணவர் எழுதுவார்.

பிடிபி எனப்படும் அந்தப் பழைய வடிவக் கோப்பில் அமினோ அமிலங்களின் பிணைப்புகள் எழுதப்படுவதில்லை. அணுக்களின் இடைவெளியைப் பார்த்துக் காட்டி ஊகிக்கிறது. பழக்கமில்லாத மருந்து மூலக்கூறோ உலோகமோ வந்தால் இந்த ஊகம் பிசகும், ஒற்றைப் பிணைப்பு இரட்டைப் பிணைப்பு வேறுபாடும் காணாமல்போகும். எக்ஸ் கதிர் கட்டமைப்புகள் பெரும்பாலானவற்றில் ஹைட்ரஜனே கிடையாது. சிவப்புப் புள்ளிகளாகச் சிதறிக் கிடப்பவை நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்கள். மாணவர் முதலில் கேட்பது அவற்றைப் பற்றித்தான், அதனால் பாடத்துக்கு வேண்டாதபோது மறைத்துவிடுவது நல்லது. எம்எம்சிஃப் கோப்பில் அமினோ அமிலங்களுக்கு ஆய்வாளர் கொடுத்த எண், வைப்பகம் கொடுத்த எண் என்று இரண்டு வரிசைகள் உண்டு. எந்த எண்ணைக் காட்டி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்காமல் நிறமிட்டால் தவறான இடம் ஒளிரும்.

புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் வந்தபின் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் எடை. 2022இல் அந்தத் தரவுத்தளம் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகளைத் திறந்துவிட்டது. அக்கோப்புகளில், பரிசோதனைக் கட்டமைப்பில் அணுவின் அதிர்வளவு எழுதும் நிரலில், கணிப்பின் நம்பகமதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அதிர்வளவு கூடினால் ஐயம் கூடும். நம்பகமதிப்பு கூடினால் உறுதி கூடும். பழைய பழக்கப்படி நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் நிறக்கோவையை இட்டால், மிக உறுதியான பகுதி ஆட்டம் காண்பதுபோலச் சிவந்து நிற்கும். 90க்கு மேல் கருநீலம், 50க்குக் கீழ் ஆரஞ்சு என்ற அவர்களுடைய நிறமுறையையே வைத்து, இது கணிப்பு என்று பக்கத்தில் எழுதிவிட வேண்டும். சிறு மூலக்கூறுகளைப் பப்கெம் தரவுத்தளத்திலிருந்து எடுப்பவர்கள் முப்பரிமாண எஸ்டிஎஃப் கோப்பா என்று பார்க்க வேண்டும். இருபரிமாணக் கோப்பும் ஏறும், ஆனால் குளுக்கோஸ் வளையம் தாள்போல் தட்டையாக இருக்கும்.

இனிப் பாடம். சுழலும் மூலக்கூறு தானாக எதையும் கற்பிக்காது. தொடர்ந்து சுழன்றுகொண்டே இருப்பது கண்ணை ஓரிடத்தில் நிற்கவிடாது என்பதால் அதை நிறுத்திவைக்கவே சொல்வேன். அரிவாள் செல் பக்கத்தை அமைத்தால் நான்கைந்து பொத்தான்கள் போதும். முதலில் எட்டுச் சங்கிலிகளும் நாடாவாக, இரண்டு மூலக்கூறுகளும் இரண்டு நிறச் சாயலில். அடுத்து ஹீம்கள் மட்டும் துலங்க. அதன்பின் பீட்டா சங்கிலிகளின் ஆறாம் இட வேலின்கள் உருண்டைகளாக. பிறகு அவற்றுள் மற்ற மூலக்கூற்றைத் தொடும் ஒன்றை நெருங்கி, அது செருகும் குழியின் ஃபினைல்அலனின் 85, லியூசின் 88 ஆகியவற்றைக் குச்சிகளாக. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் இரண்டு வேலின்கள் இருந்தாலும் பக்கவாட்டில் செருகுவது ஒன்றுதான். இதைப் பக்கமே மாணவரிடம் கேட்கட்டும், அவர் திருப்பித் தேடிக் கண்டுபிடிக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் 1963இல் வெளியிட்ட வரைபடத்தைக் கற்பிக்க ஜேமாலில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஏற்றியிருக்கும் புரதத்தின் திருப்பக் கோணங்களை உடனே புள்ளிகளாக வரைந்துவிடும். நம் ஊரில் பிறந்த அறிவியலை நம் மாணவருக்குக் காட்ட இதைவிட நேரான வழி தெரியவில்லை.

சில நடைமுறைச் சிக்கல்கள். கணினியில் இருக்கும் பக்கத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் மூலக்கூறு வராது. உள்ளூர்க் கோப்புகளை நிரல் வாசிப்பதை உலாவி தடுக்கிறது. பைதன் உள்ள கணினியில் ஒற்றை வரிக் கட்டளையில் ஒரு சிறு வழங்கியை ஓட்டிவிட்டால் இணையம் இல்லாத ஆய்வகத்திலும் பாடம் நடக்கும். வேறு தளத்திலிருந்து தரவை இழுக்க அந்தத் தளம் அனுமதி தந்திருக்க வேண்டும். ஆகவே தரவையும் காட்டி நிரலையும் நம் வழங்கியிலேயே, பதிப்பு எண்ணோடு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரே பக்கத்தில் இருபது மூலக்கூறுகளை வைத்தால் முதலில் வந்தவை மறையத் தொடங்கும், ஏனெனில் குரோம் ஒரு நேரத்தில் 16 வெப்ஜிஎல் திரைகளைத்தான் அனுமதிக்கிறது. முதலில் ஒரு படத்தை வைத்து, தொட்டால் மட்டும் காட்டியை ஏற்றுவது இதற்கும் தீர்வு, மாணவரின் டேட்டாவுக்கும் சேமிப்பு. தமிழில் பெயர் ஒட்டும்போது, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படமாக்கி அடுக்கும் காட்டிகளில் ‘கொ’, ‘கௌ’ போன்றவை சிதறிவிடும். அங்கே பெயர்களைக் காட்டிக்கு வெளியே, பக்கத்தின் எழுத்தாகவே வைத்து, நிறத்தால் இணைக்கலாம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும், அதனால் அந்த இணையைத் தவிர்க்க வேண்டும்.

கட்டளை மொழிக்கு வருவோம். வெப்ஜிஎல் காட்டிகள் வேகத்தைத் தந்தன, ஆனால் ராஸ்மாலிலிருந்து வந்த பொது மொழியை உடைத்தன. 3டிமாலுக்கு ஒரு முறை, என்ஜிஎல்லுக்கு ஒரு முறை, மால்ஸ்டாருக்கு ஒரு முறை. ஒன்றில் எழுதிய பாடம் இன்னொன்றில் ஓடாது. சைம் காலத்தில் நடந்ததே மீண்டும் நடக்க இது வழிவிடுகிறது என்பதுதான் இப்போதைய நிலைமையில் எனக்குள்ள பெரிய குறை. மால்ஸ்டாரைச் சுற்றி வளர்ந்துவரும் மால்வியூஸ்பெக் என்ற முயற்சி இதை நேராகக் கையில் எடுத்திருக்கிறது. எந்தக் கட்டமைப்பு, எந்தப் பகுதி, எந்த வடிவம், எந்த நிறம், எந்தக் கோணம் என்பதைக் காட்டியின் நிரலோடு கலக்காமல் தனியொரு உரைக்கோப்பில் விவரிப்பது அதன் திட்டம். மற்றக் காட்டிகளும் அதை ஏற்றால் ராஸ்மால் தந்த வசதி திரும்பக் கிடைக்கும்.

அதுவரை, பக்கம் அமைப்பவர் தம் கோப்புறையில் நான்கு பொருள்களைப் பிரித்து வைக்கலாம்: எம்எம்சிஃப் வடிவில் கட்டமைப்புக் கோப்பு, பதிப்பு எண்ணுடன் காட்டி நிரல், ஒவ்வொரு பொத்தானும் என்ன காட்டுகிறது என்று சங்கிலி, அமினோ அமில எண், வடிவம், நிறம் ஆகியவற்றோடு சாதாரணத் தமிழில் எழுதிய ஓர் உரைக்கோப்பு, ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அசையாப் படம். காட்டி நின்றுபோகும் நாளில் படங்கள் அதே இடத்தில் நிற்கும், மாணவருக்குச் சாம்பல் கட்டம் தெரியாது. அந்த உரைக்கோப்பை வைத்து, அப்போது எந்தக் காட்டி வழக்கில் இருக்கிறதோ அதில், வேறொரு ஆசிரியர் ஒரு மாலையில் பாடத்தை மீண்டும் எழுப்பிவிடுவார்.